மாற்றம் வரும் நேரத்தில் டீமை நடத்துவது எப்படி: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

முதல் தடவையாக உங்கள் கையில் ஒரு டீமைக் கொடுக்கிறார்கள். ஐந்து பேரோ பத்துப் பேரோ, அதோடு ஒரு மாற்றமும் சேர்ந்தே வருகிறது. புது சாஃப்ட்வேர், இரண்டு பிரிவுகளை ஒன்றாக இணைப்பது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களைத் திரும்ப அலுவலகத்துக்கு அழைப்பது, இதுவரை ஆட்கள் செய்த வேலையில் பாதியை ஏஐ செய்யப் போவது என்று ஏதோ ஒன்று. அதை முடிவு செய்தவர்கள் மேலே இருக்கிறார்கள். டீமின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அதை நடத்திக்காட்ட வேண்டியவர் நீங்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். எல்லோரையும் உட்கார வைத்து, ஸ்லைடு போட்டு, அதனால் என்னென்ன நன்மை என்று நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் வேலை தேங்க ஆரம்பித்தது. மூத்த ஊழியர் ஒருவர் ஒவ்வொரு பதிவையும் சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டு, திரும்பத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். தடித்த அட்டை போட்ட பழைய நோட்டு, ஓரமெல்லாம் கறுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் குறிப்புகள்.

"ஏன் ரெண்டு தடவை எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த ஆளுக்கு மட்டும் மாசக் கடைசியில கணக்கை முடிக்கக் கூடாது, அஞ்சாம் தேதிதான். இது உங்க கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு தம்பி?"

எங்கேயும் இல்லை. அந்த மாதிரி விதிவிலக்குகள் அந்த நோட்டில் நூற்றுக்கு மேல் இருந்தன. இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது அவர் மேஜைக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். புது முறை வந்ததும் அந்த வரவு நின்றுபோயிருந்தது. மாற்றத்தால் வரும் நன்மையை நாற்பது நிமிடம் சொன்ன நான், அதில் அவர் எதை இழக்கிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கீழே சொல்வது எல்லாமே அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவைதான்: இந்த மாற்றத்தில் இவர் எதை இழக்கிறார்?

முதல் படி: சொல்வதற்கு முன் நீங்கள் தெளிவாகுங்கள்

டீமிடம் வாய் திறப்பதற்கு முன்னால் உங்கள் மேலதிகாரியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஏன் இந்த மாற்றம், ஏன் இப்போது, எதெல்லாம் உறுதியாக முடிவாகிவிட்டது, எதை எங்கள் டீமே முடிவு செய்துகொள்ளலாம், யாருடைய வேலைக்காவது ஆபத்து உண்டா, பழைய முறை எந்தத் தேதி வரை ஓடும். கேட்கவே சங்கடமாக இருக்கும் கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். எப்படியும் டீமில் யாராவது அதைத்தான் உங்களிடம் கேட்கப் போகிறார்கள்.

பதில்களை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். முடிவானவை, முடிவாகாதவை, மாறாதவை. மூன்றாவது பத்தியைப் பலர் எழுதுவதே இல்லை. யாருக்குக் கீழே வேலை, சம்பளம் வரும் தேதி, லீவு எடுக்கும் முறை, யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்று மாறாமல் இருக்கப்போவதும் நிறைய இருக்கும். அதைச் சொல்லாவிட்டால் எல்லாமே மாறப்போகிறது என்றுதான் மனசு கணக்குப் போடும்.

இரண்டாம் படி: ஆளுக்கு ஆள் இழப்பை எழுதிப் பாருங்கள்

இந்த வேலையை அவசரமாக முடிக்காதீர்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்க இதற்கே போனாலும் சரி.

டீமில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே அவர் எதை விட வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். சிலருக்கு அது கைத்திறமை. பழைய கருவியில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தவர் நாளை முதல் எந்தப் பொத்தான் எங்கே என்று தேட வேண்டும். சிலருக்கு அது மதிப்பு. 'அவரைக் கேட்டால் தெரியும்' என்ற பெயரைச் சம்பாதிக்கப் பல வருஷம் ஆகியிருக்கும், ஒரு தேடல் பெட்டி அதை எடுத்துக்கொண்டு போய்விடும். சிலருக்கு நேரம். ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் ஏற்பாடே சரிந்துவிடும். பிரிவுகளை இணைக்கும்போது, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய துணை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. இது எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது, ஆனால் பலரை அதுதான் அதிகம் பாதிக்கும். இன்னும் சிலருக்குப் போவது 'அடுத்த வருஷமும் நான் இங்கே இருப்பேன்' என்ற நிச்சயம்.

அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பிரிட்ஜஸ் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். வெளியே நடக்கும் மாற்றம் வேறு, மனிதருக்குள் நடக்கும் நிலைமாற்றம் வேறு. வெளியே நடப்பது புதியது தொடங்கும் நாளில் தொடங்குகிறது. உள்ளே நடப்பதோ பழையது முடிவதில்தான் தொடங்குகிறது. தொடக்க விழாவுக்கு மட்டும் தயாராகி, முடிவைப் பற்றி யாரும் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நோட்டின் முன்னால் நின்றபோது நான் பார்த்தேன்.

நீங்கள் எழுதியது வெறும் ஊகம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள், யாரைப் பற்றியும் அதை வைத்துத் தீர்ப்பும் எழுதாதீர்கள். சரிபார்ப்பது நான்காம் படியில்.

மூன்றாம் படி: யாரிடம் முதலில் சொல்வது

மிக அதிகமாகப் பாதிக்கப்படுபவரிடம் முதலில், தனியாகச் சொல்லுங்கள். பிறகு அதே நாளில் மொத்த டீமிடமும் சொல்லுங்கள். தன் வேலை மாறப்போவதைக் கூட்டத்தில் நாலு பேரோடு சேர்ந்து தெரிந்துகொள்ளும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விட்டால் வதந்தி முந்திக்கொள்ளும். வார இறுதிக்கு முந்தின மாலையில் சொல்வதையும் தவிருங்கள். கேட்கவும் ஆள் இல்லாமல், தூங்கவும் முடியாமல் இரண்டு நாள் போகும்.

சொல்லும்போது நன்மைகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்: "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பதிவு வேலை புது சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. அது முடிவாகிவிட்டது. காரணம் இதுதான். இதனால் உங்களில் சிலர் பல வருஷமாகப் பழகிய முறையை விட வேண்டியிருக்கும், முதல் சில வாரங்கள் சிரமமாகவே இருக்கும். யாருக்கு எந்தப் பகுதி என்பது இன்னும் முடிவாகவில்லை, அதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம். டீம் பிரியாது, அது மாறவில்லை." முதல் தாளில் எழுதிய மூன்று பத்தியும் இதற்குள் வந்துவிட்டதைப் பாருங்கள்.

தெரியாத கேள்வி வரும். "எனக்கு இது தெரியாது, புதன்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். புதன்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும் போய், "கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை" என்று சொல்ல வேண்டும். புது மேலாளர் மேல் நம்பிக்கை வருவதும் போவதும் பெரும்பாலும் இந்தப் புதன்கிழமைகளில்தான்.

நான்காம் படி: ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம்

அறிவித்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள். ஸ்லைடு வேண்டாம், லேப்டாப்பையும் மூடி வையுங்கள். மூன்று கேள்விகள் போதும். இதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும்? இப்போது செய்யும் முறையில் எதை விடவே கூடாது என்று நினைக்கிறீர்கள்? நான் கவனிக்காமல் விட்டது என்ன?

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் பதில் பெரும்பாலும் "ஒண்ணும் இல்லை, பார்த்துக்கலாம்" என்றுதான் வரும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் பத்து விநாடி பொறுத்தால், இரண்டாவதாக ஒரு பதில் வரும். பெரும்பாலும் அதில்தான் விஷயம் இருக்கும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "எல்லோருக்கும்தானே கஷ்டம்", "பாசிட்டிவா எடுத்துக்கோங்க", "போகப் போகப் பழகிடும்". இவற்றைக் கேட்ட பிறகு அந்த மனிதர் உங்களிடம் மனம் திறக்க மாட்டார். அதற்குப் பதிலாக, "பன்னிரண்டு வருஷம் பழகிய முறையை விடுவது லேசு இல்லை, புரிகிறது" என்றால் போதும். தீர்வு எதையும் உடனே கொடுக்க வேண்டியதில்லை.

பயிற்சி வகுப்புகளில் ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள்: முதலில் மறுப்பு, பிறகு கோபம், பிறகு பேரம், மனச்சோர்வு, கடைசியில் ஏற்பு. 1969இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் இந்த ஐந்து நிலைகளை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான். அதை எடுத்து அலுவலகத்துக்குப் பொருத்தி, 'இவர் இப்போது கோப நிலையில் இருக்கிறார்' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோரும் அந்த வரிசையில் போவதில்லை. கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான காரணம் இருந்தால், 'நிலை' என்று பெயர் வைத்து அதைத் தள்ளிவிடுவோம்.

ஐந்தாம் படி: முடிவில் ஒரு பங்கை டீமிடம் கொடுங்கள்

மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்காது. அதை எப்படிச் செய்வது என்பதில் பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருக்கும். எந்தப் பிரிவு முதலில் மாறுவது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, படிவத்தில் எந்தத் தகவல் மேலே வருவது, புது ஷிஃப்டை எப்படிப் பங்கிடுவது. இவற்றைத் தயாராகக் கொண்டுபோய்க் கொடுக்காமல் டீமின் முன் வையுங்கள்.

இதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலை. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் அங்கே உற்பத்தி சரிந்தது, ஆட்களும் விலகினார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை நடத்தி 1948இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் மாற்றத்தைச் சொல்லி, காரணத்தையும் விளக்கினார்கள், அவ்வளவுதான். இன்னொரு குழு தன் பிரதிநிதிகள் மூலம் திட்டமிடுவதில் கலந்துகொண்டது. வேறு குழுக்களில் எல்லோருமே கலந்துகொண்டார்கள். சொல்லி மட்டும் விட்ட குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் பழைய நிலைக்கு ஏறவில்லை. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் வேகமாக மீண்டதோடு, முன்பிருந்ததைவிடவும் மேலே போயின.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்து நடந்தது. அந்த முதல் குழுவில் மிஞ்சியவர்களையே சில மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள், இந்தத் தடவை திட்டமிடுவதில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு. அதே ஆட்கள் சீக்கிரமே மீண்டுவிட்டார்கள். 'இவர்கள் மாற மாட்டார்கள்' என்று யாரைப் பற்றியாவது நினைக்கத் தோன்றும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே முடிவாகிவிட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் உண்மையாகவே கருத்து கேட்கும்போதும் யாரும் பேச மாட்டார்கள்.

ஆறாம் படி: வேகம் குறையும், அதற்கு முன்கூட்டியே இடம் விடுங்கள்

எந்தப் புது முறையிலும் முதலில் வேலை மெதுவாகும், தவறுகளும் கூடும். இது தெரிந்தும் பழைய இலக்கையே வைத்துக்கொண்டால், மக்கள் ஓவர்டைம் செய்து ஈடுகட்டுவார்கள், அல்லது ரகசியமாகப் பழைய முறையிலேயே முடித்துவிடுவார்கள். மேலதிகாரியிடம் முன்கூட்டியே போய், "முதல் ஆறு வாரம் எண்ணிக்கை குறையும், அந்த நேரத்தில் இந்த இரண்டு வேலையைத் தள்ளிவைக்கிறோம்" என்று கேட்டு வாங்குங்கள். எத்தனை வாரம் என்பது வேலையைப் பொறுத்தது. வாங்க வேண்டியது இலக்கில் குறைப்பு. 'பொறுமையாகச் செய்யுங்கள்' என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

பயிற்சியில் அவரவருடைய நேற்றைய உண்மையான வேலையையே எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மாதிரித் தகவலில் எல்லாம் அழகாக ஓடும், விதிவிலக்கு வரும்போதுதான் முட்டும். அனுபவசாலிகளை எல்லோர் முன்னாலும் திரையில் தடுமாற விடாதீர்கள். இருபது வருஷம் நிபுணராக இருந்தவர் ஒரு நாளில் கற்றுக்குட்டி ஆகிறார். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் "இது சரிவராது" என்கிறார்கள். இரண்டு இரண்டு பேராக, ஓரமாக ஒரு மேஜையில் உட்கார வையுங்கள். புது கருவி நன்றாகத் தெரிந்த இளையவரையும், வேலையின் நுணுக்கம் தெரிந்த மூத்தவரையும் ஜோடி சேர்த்தால், கற்றுக்கொடுப்பது இரண்டு பக்கமும் நடக்கும்.

ஏழாம் படி: கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரம் வர வழி செய்யுங்கள்

வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம், எல்லோரும் நின்றுகொண்டே பேசலாம். ஒரே கேள்வி: "இந்த வாரம் எது சரியாக ஓடவில்லை?" முதலில் யார் வாய் திறக்கிறார்களோ அவருக்கு நீங்கள் கொடுக்கும் பதிலைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அதைச் சரியாகத்தானே சொல்லிக்கொடுத்தோம்?" என்று கேட்டால் அடுத்த வாரம் மௌனம்தான். "நல்ல வேளை இப்பவே சொன்னீங்க, எந்த இடத்தில் நின்றது, காட்டுங்க" என்றால் இன்னும் மூன்று பேர் பேசுவார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அங்கேதான் அதிகம். காரணம் தேடியபோது, அந்தக் குழுக்களில் பயமில்லாமல் தவறைச் சொல்ல முடிந்தது என்று தெரிந்தது. எனவே மாற்றத்தின் முதல் மாதத்தில் புகார்களும் தவறு அறிக்கைகளும் கூடினால் பதற வேண்டாம். ஒன்றுமே வரவில்லை என்றால்தான் போய்ப் பார்க்க வேண்டும். டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்க்கும் தொழிலாளி யாராக இருந்தாலும் ஒரு கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். உங்கள் டீமில் அந்தக் கயிறு எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முரண்டு பிடிப்பவர் இருந்தால்

வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே மூன்று வகை. ஒருவருக்குச் செய்யத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். ஒருவருக்குக் காரணம் புரியவில்லை. மூன்றாமவருக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது. முதலாமவருக்குப் பயிற்சி, இரண்டாமவருக்கு விளக்கம், மூன்றாமவரிடம் நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நோட்டு வைத்திருந்தவர் மூன்றாம் வகை. அவரை முதல் வகை என்று நினைத்து நான் இரண்டு தடவை பயிற்சிக்கு அனுப்பினேன்.

இந்த மூன்றிலும் சேராமல், வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பவரும் அபூர்வமாக இருப்பார். அவரிடம் சுற்றி வளைக்காமல், என்ன நடந்தது, எந்தத் தேதிக்குள் என்ன மாற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். அவருக்காக மொத்த டீமுக்கும் கடுமையான மெயில் அனுப்ப வேண்டாம்.

ஆட்குறைப்பும் சேர்ந்து வந்தால்

உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். "யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்று ஆறுதலுக்குச் சொன்னது பொய்யானால், மிச்சமிருப்பவர்களும் இனி உங்களை நம்ப மாட்டார்கள். போகிறவரிடம் நேரில், நீங்களே சொல்லுங்கள். தேதி, கணக்கு முடிப்பது, சான்றிதழ், அடுத்த வேலைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி எல்லாம் அந்தச் சந்திப்பிலேயே தயாராக இருக்கட்டும். இருப்பவர்களுக்கு அடுத்த நாளே கூடுதல் வேலையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். போனவர்களின் வேலையில் எதை நிறுத்தலாம் என்பதை முதலில் பாருங்கள்.

உங்களுக்கே இந்த மாற்றத்தில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். அதை மேலே, முடிவெடுத்தவரிடம், காரணத்தோடு சொல்லுங்கள். டீமிடம் வந்து "எனக்கும் பிடிக்கலை, என்ன செய்ய" என்று சொன்னால் அந்த நிமிடம் நெருக்கமாக இருக்கும், அதற்குப் பிறகு யார் எதற்காக முயல வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிப் படி: பழையதை முறையாக முடித்து வையுங்கள்

பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் காலம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு சோர்வு, எல்லாமே இரட்டை வேலை. எனவே பழையது நிற்கும் தேதியைக் குறித்து எல்லோருக்கும் சொல்லுங்கள். முடிக்கும்போது பழைய முறையைக் குறை சொல்லாதீர்கள். அதைக் கட்டி வளர்த்தவர்கள் அந்த அறையிலேயே இருக்கிறார்கள். இத்தனை வருஷம் நம்மை நடத்தியது அதுதான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு முடியுங்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் திரும்ப ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். இந்தத் தடவை கேட்க வேண்டியது: "பழைய முறையிலிருந்து எதையாவது திரும்பக் கொண்டுவர வேண்டுமா?" வரும் பதில்களில் ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்து காட்டுங்கள்.

எங்கள் டீமில் அது அந்த நோட்டு. விதிவிலக்குகளை ஏற்றுவதற்கு சாஃப்ட்வேரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கினோம். அதற்குப் பொறுப்பாளராக அவரையே போட்டோம். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, புதிதாகச் சேர்ந்த ஒருவர் தட்டச்சு செய்தார். கடைசிப் பக்கம் முடிந்த அன்று நோட்டை மூடி மேஜை டிராயரில் வைத்தார். மறுநாள் காலை ஒரு சந்தேகத்தோடு அவர் மேஜைக்குப் போனேன், ஏற்கனவே இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.